முதியோருக்கு இரும்பு, துத்தநாக மாத்திரைகள்: எங்கள் நிலைப்பாடு

கோவிட் காலத்தில் தொற்றிக்கொண்ட ஒரு பழக்கம் பெங்களூரை விட்டு இன்னும் போகவில்லை. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வீட்டுப் பெரியவர்களுக்கு 'இம்யூனிட்டி' வேண்டுமென்று, டாக்டர் சீட்டு எதுவும் இல்லாமல், பிள்ளைகளே ஜிங்க் (துத்தநாக) மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் வாங்கிக் கொடுக்கிறார்கள். அக்கறையால்தான் செய்கிறார்கள் என்பதை அறிவோம். ஆனாலும், முதியோர் நலனுக்காக இந்நகரில் பணியாற்றும் அமைப்பு என்ற முறையில் எங்கள் கருத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நோய் எதிர்ப்புக்கென்று 60 வயதைக் கடந்த யாரும் இரும்பு மாத்திரை சாப்பிடக் கூடாது. இரத்தப் பரிசோதனையில் இரும்புக் குறை உறுதியானவர்களுக்கு மட்டுமே அது மருந்து. துத்தநாகத்தால் சிலருக்குப் பயன் உண்டு. அதையும் மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் காலத்துக்கு மட்டுமே எடுக்க வேண்டும்.

துத்தநாகத்தின் மீது மக்களுக்கு வந்த நம்பிக்கை ஆதாரமற்றது அல்ல. வயது ஏற ஏற நெஞ்சுக்கூட்டில் உள்ள தைமஸ் சுரப்பி சுருங்குகிறது. கிருமிகளை அடையாளம் கண்டு தாக்கும் டி அணுக்கள் அங்கேதான் முதிர்ச்சி அடைகின்றன. அதற்கு உதவும் தைமுலின் என்ற ஹார்மோன் துத்தநாகம் இல்லாமல் செயல்படாது. மனிதருக்குத் துத்தநாகக் குறை வரக்கூடும் என்பதை ஈரானில் பார்த்த நோயாளிகளைக் கொண்டு 1960-களின் தொடக்கத்தில் உலகுக்குச் சுட்டிக்காட்டியவர், பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத். பின்னாளில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 55 முதல் 87 வயது வரையிலானவர்களுக்கு ஓராண்டு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் துத்தநாகம் கொடுத்து அவர் நடத்திய ஆய்வு 2007-ல் வெளியானது. மாத்திரை எடுத்தவர்களுக்குத் தொற்றுகள் குறைந்தன. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் சுமார் 50 பேர்தான். பாஸ்டன் முதியோர் இல்லங்களில் நடந்து 2016-ல் வெளியான ஆய்விலும், துத்தநாகம் குறைவாக இருந்தவர்களுக்கு 30 மில்லிகிராம் கொடுத்தபோது டி அணுக்கள் பெருகின. இவற்றிலிருந்து, குறை உள்ளவர்களுக்குப் பலன் கிடைக்கலாம் என்பது தெரிகிறது. உடம்பில் போதிய துத்தநாகம் உள்ள ஒருவருக்கு மேலும் கொடுத்தால் எதிர்ப்பு சக்தி கூடும் என்பதற்கு இவை சான்றாகா. கோவிட் நோயாளிகளுக்கு 50 மில்லிகிராம் ஜிங்க் குளுக்கோனேட் கொடுத்துப் பார்த்து 2021-ல் வெளியான அமெரிக்க ஆய்வு, குறிப்பிடத்தக்க பலன் இல்லையென்று இடையிலேயே நிறுத்தப்பட்டது.

சத்து மாத்திரை ஆய்வுகள் மீதான நம்பிக்கையையே ஆட்டிப்பார்த்த நிகழ்வு ஒன்றும் உண்டு. இந்தியாவில் பிறந்து கனடாவில் பணியாற்றிய ரஞ்சித் குமார் சந்திரா, வைட்டமின்களோடு தாதுக்களும் சேர்ந்த மாத்திரை எடுத்த முதியோருக்கு நோய் நாட்கள் ஆண்டுக்கு 23 என்றும், எடுக்காதவர்களுக்கு 48 என்றும், 96 பேரிடம் நடத்திய ஆய்வைக் கொண்டு 1992-ல் லான்செட் இதழில் எழுதினார். உலகமே அதை மேற்கோள் காட்டியது. 2016-ல் அந்தக் கட்டுரையை லான்செட் திரும்பப் பெற்றுக்கொண்டது. 'சத்து மாத்திரையால் முதியோருக்கு நோய் பாதியாகும்' என்று இனியும் யாராவது சொன்னால், எந்த ஆய்வின்படி என்று கேளுங்கள்.

மிகுதியாகும் துத்தநாகம் தீங்கும் செய்யும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வகுத்த உச்ச வரம்பு, உணவையும் சேர்த்து நாளொன்றுக்கு 40 மில்லிகிராம். 50 மில்லிகிராம் துத்தநாகம் கொண்ட மாத்திரை ஒன்றே அதைத் தாண்டிவிடும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் உடலில் தாமிரம் குறையலாம். தாமிரம் குறைந்தால் இரத்தசோகை வரும், வெள்ளையணுக்கள் குறையும், கால் நரம்புகள் மரத்துப்போகும். எதிர்ப்பு சக்திக்காகத் தொடங்கிய மாத்திரை எதிர்ப்பு சக்தியையே அரிக்கிறது.

இரும்பைப் பற்றிக் கூடுதல் கவலையோடு பேசுகிறோம். இரும்பு குறைந்தால் எதிர்ப்பு அணுக்கள் பெருகும் வேகம் குறையும் என்பது உண்மை. ஆனால் கிருமிகளும் இரும்பைத் தின்றே வளர்கின்றன. அதனால்தான் தொற்று வந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. இரத்தத்தில் ஓடும் இரும்பையும் கிருமிகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கிறது. மூட்டுவாதம், சிறுநீரகக் கோளாறு, ஆறாத புண் உள்ள பெரியவர்களுக்கு இந்தப் பூட்டு பெரும்பாலும் விழுந்தே இருக்கும். அவர்களுக்கு ஹீமோகுளோபின் குறைந்திருப்பதால் மட்டுமே இரும்பு கொடுத்தால், அதில் பெரும்பகுதி குடலிலேயே தங்கி மலச்சிக்கலைத்தான் தரும். மிஞ்சிச் சேரும் இரும்பை வெளியேற்ற உடலிடம் வழியும் கிடையாது.

இதைவிட முக்கியமான ஆபத்து வேறு. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ வயதான ஆணுக்கோ இரும்பு குறைகிறதென்றால், உள்ளே எங்கோ இரத்தம் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தினமும் எடுக்கும் ஆஸ்பிரின், வயிற்றுப்புண், மூலம், சில நேரம் குடல் புற்றுநோய் காரணமாக இருக்கலாம். கடையில் வாங்கிய மாத்திரை ஹீமோகுளோபினை ஓரளவு ஏற்றிவிடும், காரணம் மறைந்துகொள்ளும். மாத்திரையால் மலம் கருப்பாகப் போவதால் கசிவின் அடையாளமும் கண்ணுக்குத் தப்பிவிடும். மாதங்கள் வீணாகிப் புற்றுநோய் முற்றுவதற்கு நம் அக்கறையே வழிவிடக் கூடாது.

இரும்பை அடுக்கடுக்காகக் கொடுப்பது பற்றிய எச்சரிக்கை இந்த ஊரிலிருந்தே எழுந்தது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் அனுரா குர்பாடும் சக ஆய்வாளர்களும், அரசின் இரும்பு மாத்திரைத் திட்டத்தின் மேல் செறிவூட்டிய உணவுகளையும் ஏற்றிக்கொண்டே போவது தீர்வையே நோயாக்கிவிடக்கூடும் என்று 2021-ல் எழுதினார்கள். செறிவூட்டிய ரேஷன் அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு உண்டு. மாதம் ஐந்து கிலோ சாப்பிடுபவருக்கு நாளொன்றுக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஏறக்குறைய 5 முதல் 7 மில்லிகிராம். பெரும்பாலோருக்கு அந்த அளவைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அதன்மேல் விவரம் அறியாமல் சேரும் 60 மில்லிகிராம் மாத்திரையைத்தான் எதிர்க்கிறோம்.

மாத்திரை சாப்பிட்டே ஆக வேண்டியவர்கள் நேரத்தைக் கவனியுங்கள். இரும்பும் துத்தநாகமும் தைராய்டு மாத்திரையோடும், சிறுநீர்த் தொற்றுக்குத் தரப்படும் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளோடும் சேரக் கூடாது. அந்த மருந்துகள் சரியாக வேலை செய்யாமல் போகலாம். மற்றவர்களுக்கு உணவே முதல் வழி. இங்கே மலிவாகக் கிடைக்கும் ராகியிலும் கொள்ளிலும் இரண்டு சத்தும் உண்டு. ஆனால் அவற்றிலுள்ள ஃபைட்டேட் உறிஞ்சுதலைத் தடுக்கும் என்பதால் ஊறவைத்து முளைகட்டிச் சமையுங்கள். மேலே எலுமிச்சை பிழியுங்கள். சாப்பிட்ட கையோடு காபி குடிக்காமல் ஒரு மணி நேரம் பொறுங்கள். பல் இல்லாததால் கறியை ஒதுக்கிவிட்ட பெரியவர்களுக்கு முட்டையும், முள் நீக்கிய மீனும், கொத்துக்கறியும் செய்து கொடுங்கள்.

அரசிடமும் எங்களுக்குக் கோரிக்கை உண்டு. மத்திய அரசு 2018-ல் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டம் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர், பெண்கள் என ஆறு பிரிவினரைக் குறிவைக்கிறது; முதியோர் அதில் இல்லை. அவர்களைச் சேர்க்க வேண்டும், மாத்திரையோடு அல்ல, பரிசோதனையோடு. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், அழற்சி இருந்தால் பொய்யாக உயர்ந்து காட்டும். எனவே ஃபெரிட்டினோடு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையும், வைட்டமின் பி12 பரிசோதனையும் கர்நாடக அரசின் 'நம்ம கிளினிக்'குகளில் முதியோருக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். இன்ஃப்ளூயன்சா, நிமோனியா தடுப்பூசிகளையும் அங்கேயே போட வேண்டும். முதுமையில் தொற்றைத் தடுப்பதற்கு எந்தச் சத்து மாத்திரையையும் விட அவற்றுக்கே வலுவான சான்று இருக்கிறது.

வீட்டில் பெரியவர்களுக்கு மாத்திரை வாங்கும் பிள்ளைகளே, இந்த முறை மருந்துக்கடைக்குப் போகும் முன் அவர்களை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அந்த அட்டைகளை எல்லாம் எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.