தாலோஸின் கால்வலி

சூளகிரியில் பஸ்ஸுக்காக நின்றபோது, இளம் எழுத்தாளர் ஒருவர் தம் கதையை என்னிடம் நீட்டினார். நெருப்பைத் திருடிய புரோமிதியஸ் விண்கலம் ஓட்டுகிறான். பார்த்தவரைக் கல்லாக்கும் மெதூசா லேசர் கண்கொண்ட எந்திரமாகிவிட்டாள். முடிவில் எல்லோரும் சாகிறார்கள்.

"இருட்டுதான் ஸார் இன்றைய உண்மை" என்றார்.

விளக்கை அணைத்துவிட்டால் உண்மை வந்துவிடுமா?

கிரேக்கனிடம் கடன் வாங்காதே என்று நான் சொல்ல மாட்டேன். வால்மீகியிடம் கம்பன் வாங்கவில்லையா? 1818-ல் மேரி ஷெல்லி தம் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலுக்கு 'நவீன புரோமிதியஸ்' என்றே துணைத்தலைப்பு வைத்தார். அதன் பயங்கரம் பிணத்துண்டுகளில் இல்லை. உயிர் கொடுத்தவனே அந்த ஜீவனைக் கைவிட்டு ஓடினானே, அதில் இருக்கிறது. 1943-ல் வந்த 'சாப விமோசன'த்தில், சீதை தீக்குளித்த கதையை அவள் வாயாலேயே கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். புதுமைப்பித்தனுக்கு எந்த எந்திரமும் தேவைப்படவில்லை.

எந்திரம்தான் வேண்டுமென்றால் அதுவும் கிரேக்கனிடமே இருக்கிறது! கிரீட் தீவின் காவலன் தாலோஸ், வெண்கலத்தால் ஆனவன். தினம் மூன்று முறை தீவைச் சுற்றி, நெருங்கும் கப்பல்கள்மேல் பாறையை வீசுவான். உடம்பு முழுக்க ஒரே ரத்தக்குழாய். அதை அடைத்துக் கணுக்காலில் ஓர் ஆணி. ஆணியைப் பிடுங்கினால் ஆள் காலி.

ஓசூர்த் தொழிற்சாலைக்கு ராத்திரி ஷிப்டு ஆட்களை ஏற்றிய பஸ் எங்களைக் கடந்தது. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மூன்றாவது சுற்றில் தாலோஸுக்குக் கால் வலித்திருக்குமா?" என்று கேட்டேன்.

"மூலத்தில் அப்படி இல்லையே ஸார்!"

"மூலத்தில் லேசர் இருந்ததா, தம்பி?"