பூட்டு யாருக்காகத் திறக்கிறது?

2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பென்னாகரம், அரூர் விவசாயக் கூலிகளின் பிள்ளைகளும் கணினி பெற்றார்கள். பொத்தானை அழுத்தியதும் அதை எழுப்புகிற உள்நிரல் மட்டும் சில்லு முதலாளியின் ரகசியம்! திறந்து பார்க்கக் கூடாதென்று விற்ற இயந்திரத்தை எந்த மில் பிட்டராவது நம்புவாரா?

ரகசியத்தின் லட்சணம் இதுதான்: தன் சில்லுகளின் உள்நிரலில் ஆபத்தான ஓட்டைகள் இருந்ததை 2017-ல் இன்டெல் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

2023-ல் ஏ.எம்.டி. கம்பெனி எழுப்பும் நிரலில் ஒரு பகுதியைப் பகிரங்கமாக்கியது. வரவேற்கிறோம். ஆனால் இது தர்மமல்ல. கூகுள், ஃபேஸ்புக் போன்ற ராட்சச வாடிக்கைக்காரர்கள் திறந்த நிரலை வெகுநாளாகவே கேட்டுவந்தார்கள். அவர்கள் கேட்டால் கதவு அசைகிறது! காவல் நிரலின் பெரும்பகுதியோ இன்னும் பூட்டுக்குள்தான்.

சென்னை ஐ.ஐ.டி. பொதுப்பணத்தில் உருவாக்கிய ‘சக்தி’ சில்லின் வடிவமைப்பையே உலகறிய வெளியிட்டிருக்கிறது. கோடி கோடியாக லாபம் குவிக்கும் கம்பெனிகளுக்கு என்ன கேடு? மக்கள் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு கணினிக்கும் உள்நிரலைத் திறந்து காட்ட வேண்டுமென்று சர்க்கார் டெண்டரிலேயே நிபந்தனை போடட்டும் என்கிறோம்.