மழை எப்போ நிலைக்கும்? விதைக்கும் முன்பே தெரிந்தால் என்ன லாபம்?

வெதர் ஆப்பை நம்பி குடை எடுக்காமல் கிளம்பினால், நமக்குச் சட்டை நனையும், அவ்வளவுதான். மானாவாரி விவசாயியின் கணக்கு தப்பினால் போவது விதை, உரம், உழவுக்கூலி, அதற்காக வாங்கிய கடன். அதனால், 'நாளைக்கு மழை வருமா?' என்பதைவிட 'பருவமழை எப்போ நிலைக்கும்?' என்பதுதான் அவருக்குப் பெரிய கேள்வி.

சிக்கல் எங்கே?

முதல் மழையை நம்பி விதைத்த பிறகு இரண்டு, மூன்று வாரம் மழை இல்லாவிட்டால் முளைத்த பயிர் கருகிவிடும். மறுபடி விதைக்க, மறுபடி கடன். 2025-ல் அந்த ஆபத்து இருந்தது. வழக்கமாக ஜூன் 1-ல் கேரளத்தைத் தொடும் பருவமழை, மே 24-லேயே வந்தது. ஆனால், வடக்கே நகரும்போது சுமார் 20 நாட்கள் நின்றுவிட்டது. அந்த ஆண்டு மத்திய வேளாண் அமைச்சகம், ஏஐ மூலம் நான்கு வாரம் வரை முன்கூட்டியே கணித்த தகவலை 13 மாநிலங்களில் 3.8 கோடி விவசாயிகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியது. அந்த இடைவெளியையும் கணிப்பு சரியாகச் சொன்னது.

சொன்னால் கேட்பார்களா?

கேட்கிறார்கள். தெலங்கானாவில் 250 கிராமங்களில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தனர். நினைத்ததைவிட மழை தாமதமாகும் என்று தெரிந்தவர்கள், சாகுபடிப் பரப்பை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தார்கள். நல்ல செய்தி கிடைத்தவர்கள் துணிந்து கூடுதலாக முதலீடு செய்தார்கள்.

அப்போ என்ன குறை?

கணிப்பு என்பது சாத்தியக்கூறுதான். பத்தில் ஏழு பங்கு வாய்ப்பு என்றால், மீதி மூன்றும் நடக்கலாம். அதைப் புரியவைக்க ஆள் வேண்டும். 'கடலை போடலாம்னு இருக்கேன், பத்து நாள் பொறுக்கட்டுமா?' என்று எஸ்எம்எஸ்ஸிடம் கேட்க முடியாது. அப்படிக் கேட்க மாவட்ட அளவில் இருந்த 199 வேளாண் வானிலை அலகுகள் 2024-ல் மூடப்பட்டன. கணிப்புத் தொழில்நுட்பம் வளரும் நேரத்தில் இது தலைகீழான முடிவு.

அந்த அலகுகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கணிப்பு பொய்த்தால் கைகொடுக்கப் பயிர்க் காப்பீட்டுத் தொகையும் தாமதமில்லாமல் வர வேண்டும். தகவலை நம்பிப் பொறுத்திருக்கும் விவசாயி, அந்த ரிஸ்க்கைத் தனியாகச் சுமக்கக் கூடாது. அவர் விதைப்பது நம் தட்டுக்கும் சேர்த்துத்தான்.