கட்டுமரம் யாருடைய சொல்?

குருசுக்குப்பத்தில் மாலை நேரத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாள் படம் போட்ட ஆங்கிலப் புத்தகத்தில் 'கேட்டமரான்' என்ற சொல் வந்தது. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி படத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, பேரு நம்ம கட்டுமரம் மாரி இருக்கு. படம் வேற மாரி இருக்கே? எங்க தாத்தா ஓட்டுனது இப்படி இருக்காதாமே?"

அவள் கேட்டது சரி. நம்முடைய கட்டுமரம் மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கட்டியது. ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போய், பிற்பாடு இரட்டை உடல் கொண்ட படகுக்கு வைத்துக்கொண்டார்கள். ஆங்கில அகராதியிலேயே அது தமிழ்ச் சொல் என்று போட்டிருக்கிறது. இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்குப் பெருமை தாங்கவில்லை. கயிறு, வலை, அலை, துடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. ஆனாலும் மறுநாள் மறக்கவில்லை.

அதே சிறுமி பள்ளியிலும் இப்படி ஏதோ கேட்டிருக்கிறாள். "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே, பத்து தடவை எழுது" என்று பதில் வந்திருக்கிறது.

இதை ஓர் ஆசிரியரின் கோபமாக மட்டும் பார்த்துவிட முடியாது. வசதியான வீட்டுப் பிள்ளை கேட்டால் அறிவு. குப்பத்துப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் கேட்டால் வாய்க்கொழுப்பு. யார் 'ஏன்' என்று கேட்கலாம் என்பதைச் சாதிதான் இங்கே முடிவு செய்து வந்திருக்கிறது. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் போட அம்பேத்கரைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, அதன் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் தீட்டுப்பட்டுவிடும் என்று சக மாணவர்கள் ஓடிப்போய் எடுத்தார்கள். பள்ளியில் இடம் கிடைத்தது. பலகையைத் தொடுவதற்கு உரிமை கிடைக்கவில்லை.

ஆங்கிலம் நமக்கு வேண்டும். 1854இல் வெளிவந்த தம் கவிதைத் தொகுப்பிலேயே சாவித்திரிபாய் புலே ஆங்கிலத்தை வரவேற்றார். 1894இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர்களுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 2023-24இல் புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகளுக்கும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் வந்துவிட்டது. ஆனால் ஆங்கிலத்தைக் கோரஸாக ஒப்பிக்க மட்டும் பழக்கினால், நம் பிள்ளைகளுக்கு மிஞ்சப்போவது 'எஸ் சார்' சொல்லும் ஆங்கிலம்தான்.

ஆசிரியர்களுக்குப் பாடத்தை முடிக்கும் நெருக்கடி உண்டு, தெரியும். ஆனால் இதற்குப் பணம் செலவில்லை. முதலில் கேள்வியைத் தமிழில் கேட்க விடுங்கள். கேள்விக்குப் பின்னால் ஆங்கிலம் தானாக வரும். பிள்ளைக்குத் தெரிந்த பொருளிலிருந்து தொடங்குங்கள். ஆப்பிளுக்கு முன்னால் வஞ்சிரம் வரட்டும். முதல் வாக்கியத்திலேயே இலக்கணப் பிழை பிடிக்காதீர்கள். பதில் தெரியவில்லையென்றால், "எனக்கும் தெரியலை, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அதனால் யாருடைய மரியாதையும் குறையாது.

அந்த ஆங்கில அகராதியில் 'பரையா' என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. பறையர் என்ற மக்களின் பெயரை எடுத்து, 'ஒதுக்கப்பட்டவர்' என்று பொருள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சாதி அங்கேயும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பிள்ளைகள் ஒருநாள் அந்தப் பக்கத்தையும் புரட்டுவார்கள். அன்றைக்கு அந்தப் பொருளைப் பத்து தடவை எழுதிப் படித்துக்கொண்டால் நாம் தோற்றோம். "இதுக்கு இப்படிப் பொருள் எழுதுனது யாரு?" என்று அவர்கள் கேட்க வேண்டும். பதினேழு வயதில் அந்தக் கேள்வி வர வேண்டுமென்றால், ஏழு வயதில் கட்டுமரத்தைப் பற்றிக் கேட்கும்போது வாயை அடைக்காமல் இருக்க வேண்டும்.