மீனுக்கு எம்புட்டுக் கொடுக்கலாம்?



நம் பக்கத்தில் விலை கூடிய மீன் எது என்று கேட்டால் அயிரை என்றுதான் எல்லாரும் சொல்வோம். கண்மாய் பெருகிய மாதங்களில், உயிரோடு துள்ளும் அயிரையைக் கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேலும் கொடுத்து வாங்குகிறோம். குழம்பு ஒரே வேளையில் தீர்ந்துவிடுகிறது. யாரும் கணக்குக் கேட்பதில்லை. அதே வீட்டில் பையன் ஐநூறு ரூபாய்க்கு ஒரு வண்ண மீனை வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் விட்டால், "திங்கவும் முடியாது, விக்கவும் முடியாது, எதுக்குடா இந்த வெட்டிச் செலவு?" என்று அம்மா கேட்கிறார். வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, சிவகாசி வட்டாரத்தில் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு எழாத வீடு குறைவு.

அதை வெட்டிச் செலவு என்று நான் நினைக்கவில்லை. வாரம் முழுக்கப் பட்டாசு ஆலையின் கந்தக நெடியிலும் அலுமினியப் பொடியிலும் வேலை பார்த்துவிட்டு வருகிறவர், சம்பள நாளன்று இரவு தொட்டி முன்னால் அரை மணி நேரம் உட்காருகிறார் என்றால், அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு விலை உண்டு. அழகுக்காகச் செலவழிப்பது இந்த மண்ணுக்குப் புதியதும் அல்ல. வைப்பாற்றங்கரையில், நம் விஜயகரிசல்குளம் மேட்டில், 2022 முதல் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்தவற்றைப் பாருங்கள்: சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், ஆட்டக்காய்கள். இதில் ஒன்றாவது வயிற்றுக்கு உதவுமா? கடல் இல்லாத ஊருக்குச் சங்கைத் தருவித்து, அறுத்து, தேய்த்து, கையில் பூட்டி அழகு பார்த்தவர்கள் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள்.

ஆகவே செலவழிக்கலாமா என்பதல்ல என் கேள்வி. எதற்குச் செலவழிக்கிறோம் என்பதுதான்.

உலகத்தில் மீன் ஆசை எதுவரை போகும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2018-ல் ஜப்பானின் ஹிரோஷிமாவில், சகாய் மீன் பண்ணை நடத்திய ஏலத்தில் வெள்ளையும் சிவப்புமான ஒரு கோய் மீன் 20 கோடியே 30 லட்சம் யென்னுக்குப் போனது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 13 கோடி ரூபாய். ஒரு மீட்டரைத் தாண்டிய நீளம்; 'எஸ் லெஜண்ட்' என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2016-ல், தாய்லாந்தில் அந்நாட்டுக் கொடியின் சிவப்பும் வெள்ளையும் நீலமும் உடம்பில் ஓடிய ஒரு ஃபைட்டர் மீன் 53,500 பாட் (தாய்லாந்து நாணயம்) விலைக்கு ஏலம் போனது. நம் பணத்தில் ஒரு லட்சம் ரூபாய்! நம் ஊர்க் கடைகளில் பாட்டிலில் அடைத்து நூறு ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கிற அதே இனம்தான்.

இவற்றை எல்லாம்விட ஆசிய அரோவானாவின் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. தென்கிழக்கு ஆசிய ஆறுகளில் ஒரு காலத்தில் அது சாதாரணக் கறிமீன். முள் அதிகம் என்பதால் அதற்குப் பெரிய மதிப்பும் இல்லை. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாடு 1975-ல் நடைமுறைக்கு வந்தபோது, அதன் கடுமையான முதல் பட்டியலில் இந்த மீனும் இடம்பெற்றது. எளிதில் கிடைக்காது என்றானதும் ஆசை கூடியது. சீன மரபின் டிராகனைப் போல இருக்கிறது, செல்வம் தரும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. இன்று பதிவு பெற்ற பண்ணைகளில் வளர்த்து, உடம்பில் மைக்ரோசிப் பொருத்தி, சான்றிதழோடு விற்கிறார்கள்; விலை லட்சங்களில் ஓடுகிறது. மீனின் உடம்போ குணமோ மாறவில்லை. மாறியது அது கிடைக்கும் அருமை மட்டும்தான். பெரும் விலைகள் எல்லாமே பெரும்பாலும் இப்படி அருமைக்குக் கொடுக்கிற விலைதான்.

நம் பக்கத்துக் கடைகளில் அரோவானா என்று விற்பது பெரும்பாலும் இது அல்ல, தென் அமெரிக்காவின் வெள்ளி அரோவானா. நான்கு அங்குலக் குட்டியாகப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். வளர்ந்தால் மூன்றடி. 'ஷார்க்' என்று சொல்லி விற்கிற குட்டியும் அப்படித்தான்: அது உண்மையில் ஆற்றுக் கெளுத்தி வகை, ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. இரண்டடித் தொட்டியில் இவற்றை வாங்கி விடுகிறவர்களிடம் கடைக்காரர் இதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேட்க வேண்டும்.

வீட்டின் கஷ்டத்தை மீன் தன்மேல் வாங்கிக்கொண்டு செத்துப்போகும் என்ற நம்பிக்கை நம்மிடம் பலருக்கு உண்டு. வாஸ்துவுக்காக ஃப்ளவர்ஹார்ன் வாங்குகிறவர்கள், அதன் தலைப்புடைப்பின் அளவுக்கு ஏற்ப ஆயிரம், பத்தாயிரம் என்று கொடுத்து வாங்குவது இதற்காகத்தான். வீட்டு மனிதர் காலையில் பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குப் போகிறார். மாலையில் திரும்பி வரும்வரை வீட்டில் இருப்பவருக்கு மனசு நிலையாக இருக்காது. எத்தனையோ விபத்துகளைப் பார்த்த மண் இது. இங்கே ஒரு மீனை நம்பித் தைரியம் தேடிக்கொள்வதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். மீன் செத்தால், அது நம் கண்ணேற்றைக் கொண்டுபோய்விட்டது என்று ஆறுதல் பட்டுக்கொண்டு அடுத்த மீனை வாங்கிவிடாதீர்கள். தண்ணீரைப் பாருங்கள். அநேகமாக மீனைக் கொன்றது தண்ணீர்தான்.

இங்கேதான் நம் பணம் தவறான இடத்தில் போகிறது. தொட்டியும் மீனும் ஒரே சாயங்காலத்தில் வாங்கி வருகிறோம். குழாய்த் தண்ணீரை ஊற்றி உடனே மீனை விடுகிறோம். மீனின் கழிவிலிருந்தும் தின்னாத தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. அதைத் தின்று தீங்கில்லாததாக மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் படிந்து பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் அவை அங்கே போதிய அளவில் இருப்பதில்லை. மீன் நான்காம் நாள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, ஐந்தாம் நாள் மிதக்கிறது. மறுபடி கடைக்குப் போகிறோம். இப்படி மூன்று முறை போய் வருகிற பணத்தில் நல்ல ஃபில்டர் ஒன்றை வாங்கிவிடலாம்.

குளோரின் போட்ட குடிநீரை ஒரு நாள் திறந்து வைத்து, ஆக்சிஜன் மோட்டார் ஓடவிட்டு, பிறகு ஊற்றுங்கள். முதலில் இரண்டே மீன் விடுங்கள். வாரத்துக்குக் கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். முழுத் தொட்டியையும் கொட்டிக் கழுவுகிறவர் நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கழுவிவிடுகிறார். சாக்கடையிலிருந்து எடுத்து விற்கிற புழுவைத் தீனியாகப் போடாதீர்கள். நோய் அதோடுதான் வரும். கண்ணாடிக் குடுவையில் கோல்டு ஃபிஷ் வளர்ப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். அது குளிர்ந்த நீரில் வாழ்கிற மீன். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே தண்ணீர் சூடேறினால் அதில் ஆக்சிஜன் குறையும். குடுவை மீன் மூச்சுத் திணறியே சாகும். அந்த மீனின் ஆயுசு என்ன தெரியுமா? 1956-ல் இங்கிலாந்தில் ஒரு திருவிழாக் கடையில் விளையாட்டுப் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்ற கோல்டு ஃபிஷ், 1999 வரை 43 ஆண்டுகள் வாழ்ந்தது.

நம் கரிசல் பூமியின் போர்த் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். இந்தத் தண்ணீரில் டிஸ்கஸ் வளர்க்க ஆசைப்பட்டால் பணம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மென்மையான நீர் அதற்குத் தேவை. கப்பிக்கும் மோலிக்கும் இதே கடினத் தண்ணீர் பிடிக்கும். ஜோடி முப்பது, நாற்பது ரூபாய்தான். குட்டி போடுகிற மீன்கள். ஒரு தாய் ஏறக்குறைய மாதம் ஒரு முறை இருபது, முப்பது குட்டிகள் போடும், சில சமயம் அதற்கு மேலும். நம் ஊருக்கு ஏற்ற மீனும் இருப்பதிலேயே விலை குறைந்த மீனும் ஒன்றாகவே இருப்பது நமக்கு நல்லதுதான்.

இந்தக் கப்பிகூடப் பெரும்பாலும் வெளியூரிலிருந்து, ஆக்சிஜன் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில், தெர்மாகோல் பெட்டிக்குள் இரவோடு இரவாக நம் கடைகளுக்கு வந்து சேர்கிறது. சென்னைக் கொளத்தூரில் வீட்டுப் பின்புறத்தில் நாலு தொட்டி கட்டித் தொடங்கிய குடும்பங்கள்தான், இன்று அந்த ஊரின் பெயரையே வண்ண மீனுக்கு அடையாளமாக்கி இருக்கின்றன. மத்திய மீன்வளத் துறை மதுரையை வண்ண மீன் தொகுப்பாகத் தேர்ந்திருக்கிறது. நமக்கு மதுரை எட்டும் தூரம்தான்.

நாமும் வீட்டில் மீன் வளர்த்து விற்கலாம்; நம் வட்டாரத்துப் பெண்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் வாரக்கணக்கில் பூட்டிக்கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய வைக்க வெயில் இல்லாமல் வேலை நிற்கும். அந்த மாதங்களில் கடன் வாங்காத வீடு எத்தனை? பிரதமரின் மீன்வளத் திட்டம் 2020-ல் தொடங்கியது. அதில் வீட்டுப் புறக்கடையில் வண்ண மீன் வளர்க்கும் அலகுக்கு மதிப்பீடு 3 லட்சம் ரூபாய். பெண்களுக்கு 60 சதவீதம் மானியம். தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. வாரம் கால் பங்குதான் மாற்றுகிறோம், அந்தக் கழிவு நீரும் முருங்கைக்கும் கத்தரிக்கும் நல்ல உரம். கப்பி கொசுப்புழுவையும் தின்னும். எளிதில் பணம் கொழிக்கும் தொழில் என்று ஆசை காட்ட மாட்டேன். நோய் வந்தால் ஒரு தொட்டி முழுக்கப் போகும், வாங்குகிற கடையைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆனால் தீப்பொறிக்குப் பயப்பட வேண்டாத வேலை.

தொட்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். வளர்க்க முடியாமல் போன மீனை வெம்பக்கோட்டை அணையிலோ கண்மாயிலோ விடாதீர்கள். தொட்டிப் பாசியைத் தின்னும் என்று வாங்குகிற சக்கர் மீன், தமிழ்நாட்டின் பல ஏரிகளிலும் ஆறுகளிலும் பரவி, மற்ற மீன்களின் முட்டையைத் தின்று, தன் முரட்டு ஓட்டால் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. யாரோ இரக்கப்பட்டு விட்டதுதான் அப்படிப் பெருகியது. அயிரையும் கெளுத்தியும் விராலும் இருக்கிற கண்மாய்க்கு அது வேண்டாம். கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது தொட்டி வைத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுங்கள்.

மானியத்துக்கு இப்போது ஒதுக்கீடு இருக்கிறதா, எந்தெந்தத் தாள் வேண்டும் என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். குழுவாகப் போனால் இன்னும் நல்லது. ஏற்கெனவே வீட்டில் மீன் வளர்த்து விற்கிற சகோதரிகள் யாராவது இருந்தால், உங்கள் வரவு செலவோடு எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்