காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்கிறோமா?

ஆனி பிறந்துவிட்டால் குற்றாலத்துக்குக் களை வந்துவிடும். திரிகூட மலையின் தலையில் மேகம் கவியும். மெல்லிய சாரல் விழும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் கொட்டும். "சீசன் எப்படி?" என்பதே அந்த நாட்களில் தென்காசிப் பக்கத்தில் எதிர்ப்பட்டவரைக் கேட்கும் முதற் கேள்வி.

அதே நாட்களில் தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வாயைத் திறந்து பேச முடியாது. காற்று அப்படி அறையும். தூரத்தில் வெள்ளைக் கோபுரங்களின்மேல் காற்றாலைகள் இராப்பகலாகச் சுழன்றுகொண்டிருக்கும். அருவிக்குச் சீசன் கொண்டுவருவதும் காற்றாலைக்குச் சீசன் கொண்டுவருவதும் ஒரே தென்மேற்குப் பருவக்காற்றுதான். மழையை மலைமேல் இறக்கிவைத்துவிட்டுச் சமவெளிக்கு இறங்கும் காற்று, போகிற போக்கில் நமக்கு மின்சாரமும் கொடுத்துவிட்டுப் போகிறது.

அந்தக் கொடையை நாம் முழுவதும் பெற்றுக்கொள்கிறோமா? அதற்காகச் சர்க்கார் நடத்திய ஆராய்ச்சிகள் என்ன பலன் தந்தன? இனி என்ன செய்ய வேண்டும்?

மலையில் ஒரு வாசல்

மேற்குத் தொடர்ச்சி மலை அரபிக் கடல் காற்றுக்கு எதிரே எழுப்பிய மதில். அந்த மதிலில் சில வாசல்கள் உண்டு. பாலக்காடு ஒன்று, கம்பம் ஒன்று, ஆரல்வாய்மொழி ஒன்று, செங்கோட்டை ஒன்று. 1904-ல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் ரயில் பாதை போட்ட இஞ்சினீயர்கள் எந்த இடைவெளியைத் தேடிப் பிடித்தார்களோ, அதே ஆரியங்காவு இடைவெளி வழியாகத்தான் காற்றும் நுழைகிறது. புனலில் ஊற்றிய தண்ணீரைப்போல அது குறுகிய இடத்தில் வேகம் பெற்று, சுரண்டை, ஊத்துமலை, கயத்தாறு என்று கிழக்கே பாய்கிறது.

வேகம் என்பது இங்கே சாதாரண விஷயம் அல்ல. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகிறது. ஆகவே, "இங்கே நன்றாகக் காற்று அடிக்கிறது" என்று சொன்னால் போதாது; எவ்வளவு என்று அளந்தாக வேண்டும். கணக்கு சிறிது தவறினாலும் போட்ட முதல் பறந்துவிடும்.

அளந்து பார்த்த அம்மையார்

அப்படி அளந்தவர்களில் தலையாயவர் அன்னா மாணி. 1918-ல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சர் சி. வி. ராமனின் ஆராய்ச்சிசாலையில் பணியாற்றியவர். இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து தருவித்த கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிகாட்டினார். 1976-ல் ஓய்வு பெற்ற பிறகு அவர் சாய்வு நாற்காலியைத் தேடவில்லை. நாட்டில் விழும் வெயிலின் கணக்கை 1980-ல் புத்தகமாகக் கொடுத்தார். காற்றின் கணக்கை 1983-ல் கொடுத்தார். அதன்பின் கம்பம் நட்டுக் காற்றை அளக்கும் பெரும்பணிக்கும் தலைமை வகித்தார்.

அந்தக் கணக்குகளின் பலன் விரைவிலேயே தெரிந்தது. 1986-ல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் முதல் காற்றாலைகள் சுழன்றன. ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இன்றைய இயந்திரம் ஒன்று 3,000 கிலோவாட். அன்றைய இயந்திரங்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டவை சேர்ந்தால்தான் இதற்கு ஈடாகும்.

கயத்தாற்றில் ஒரு பரீட்சை

கயத்தாறு என்றதும் நம் நினைவுக்கு வருவது 1799-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கதை. அந்த ஊருக்கு இன்று இன்னொரு பெயரும் உண்டு. காற்றாலைகள் பரீட்சை எழுதும் ஊர் அது. 1998-ல் மத்திய சர்க்கார் சென்னையில் தொடங்கிய காற்றுச் சக்தித் தொழில்நுட்ப மையத்தின் சோதனை நிலையம் டென்மார்க் நாட்டின் உதவியுடன் அங்கே அமைந்தது. அந்த மையம்தான் இன்று தேசியக் காற்றாற்றல் நிறுவனம் என்று வழங்குகிறது.

டென்மார்க்கிடம் ஏன் போக வேண்டும்? அங்கே 1891-லேயே பவுல் லா கூர் என்ற பள்ளி ஆசிரியர் சர்க்கார் பணத்தில் காற்றாலை மின்சார ஆராய்ச்சி நடத்தியிருக்கிறார். 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் அந்த நாடு விழித்துக்கொண்டு, 1978-ல் ரீஸோவில் ஒரு சோதனை நிலையம் வைத்தது. மட்டமான இயந்திரங்கள் கழிந்தன. நல்லவை உலகச் சந்தையைப் பிடித்தன.

கயத்தாற்றிலும் நடப்பது அதுவே. இயந்திரத்தின் பக்கத்தில் கம்பம் நட்டுக் காற்றை அளக்கிறார்கள். அந்தக் காற்றுக்கு எவ்வளவு மின்சாரம் வந்தது, இறக்கை எவ்வளவு இழுவையைத் தாங்கியது என்று மாதக்கணக்கில் பதிவு செய்கிறார்கள். விற்பவர் சொன்னதும் காற்று சொன்னதும் ஒத்துப்போனால்தான் சான்றிதழ். பாங்கில் கடன் வாங்கிக் காற்றாலை வைப்பவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

இந்த நிறுவனம் 2015-ல் போட்ட கணக்குப்படி, 100 மீட்டர் உயரத்தில் தமிழ்நாட்டுக் காற்றின் வளம் சுமார் 33,800 மெகாவாட். 2019-ல் 120 மீட்டர் உயரத்துக்குக் கணக்கிட்டபோது அது சுமார் 68,750 ஆயிற்று. உயரமும் கூடியது, கணக்கிடும் முறையும் நுட்பமாயிற்று. ஆனால் நாம் இதுவரை நிறுவியிருப்பது 10,000 மெகாவாட்டுக்கு மேல். நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த நம்மை 2023-ல் குஜராத் முந்திவிட்டது.

மழையை விரட்டுகிறதா?

"காற்றாடி வந்தபிறகு மேகம் கலைஞ்சு போயிடுது" என்பது தென்காசி வட்டாரத்துக் கிராமங்களில் பலமுறை கேட்கும் பேச்சு. இதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. மானாவாரி விவசாயிக்கு மழை என்பது உயிர்ப் பிரச்னை.

விஷயம் என்ன? இறக்கையின் நுனி உச்சிக்குப் போகும்போதும் தரையிலிருந்து சுமார் 200 மீட்டர்தான். மழை மேகமோ கிலோமீட்டர் கணக்கில் பரந்தும் உயர்ந்தும் நிற்பது. அதைக் கலைக்கும் வலிமை இறக்கைக்கு இல்லை. தென்மேற்குப் பருவ மழை கிழக்கே குறைவதற்குக் காரணம் மலையின் மழை மறைவு. அது காற்றாலைக்கு முன்பே இருந்தது.

ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் பெரிய காற்றாலைத் தொகுதிகளின்மேல் இரவுநேரத்தில் தரை சற்றே சூடாக இருப்பதைச் செயற்கைக்கோள் மூலம் கண்டு, 2012-ல் வெளியிட்டார்கள். மேலேயுள்ள காற்றையும் கீழேயுள்ள காற்றையும் இறக்கை கலக்குவதே காரணம். நம் சமவெளியிலும் இத்தகைய அளவீடு ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டும். முடிவைத் தமிழில் கிராம சபையிலே படித்துக்காட்ட வேண்டும். காற்றை அளக்கும் சர்க்கார் மக்களின் கவலையையும் அளக்க வேண்டாமா?

வீணாகும் காற்று

ஆடிக் காற்றுக்கு இரவு பகல் தெரியாது. ஆனால் நடுநிசியில் மில்லும் கடையும் உறங்கும்போது மின்சாரத்தின் தேவை குறைகிறது. அனல் நிலையங்களை ஓர் அளவுக்குமேல் குறைக்க முடியாது. அப்போது, நன்றாகச் சுழலும் காற்றாலையையே நிறுத்தச் சொல்லும் நிலை வந்திருக்கிறது. காசு கேட்காத காற்று வீணாகிறது. காசு கொடுத்து வாங்கிய நிலக்கரி எரிகிறது!

இதற்குப் பரிகாரம் சேமிப்பு. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 1980-களில் முடிந்த 400 மெகாவாட் நிலையம் அதைத்தான் செய்கிறது. மிஞ்சிய மின்சாரத்தால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, வேண்டும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறது. இன்னொரு வழி மின்கலம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்து, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் லித்தியம் மின்கலம் முதலியவற்றில் ஆராய்ச்சி நடத்துகிறது. கயத்தாற்றில் பிறக்கும் மின்சாரத்தைக் காரைக்குடியின் அறிவு காப்பாற்றும் நாள் வர வேண்டும்.

மற்றொரு நஷ்டமும் உண்டு. முதலில் வந்தவர்கள் நல்ல காற்றுள்ள இடத்தையெல்லாம் பிடித்தார்கள். அங்கே இன்றும் 250 கிலோவாட் அளவிலான பழைய குட்டை இயந்திரங்கள் நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நிறுத்த 2024-ல் தமிழக அரசு கொள்கை வகுத்தது. ஆனால் பெரிய இயந்திரத்துக்கு அதிக இடைவெளி வேண்டும்; நிலமோ பல சொந்தக்காரர்களிடம் துண்டு துண்டாக இருக்கிறது. இதைத் தீர்க்க வேண்டியது விஞ்ஞானி அல்ல. ரெவின்யூ இலாகாவும் மின் வாரியமும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும்.

மிச்சம் பிடிப்பதும் சம்பாத்தியமே

2001-ல் வந்த எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் மறு ஆண்டு பிறந்த எரிசக்தித் திறன் செயலகம்தான், நாம் கடையில் பார்க்கும் நட்சத்திர முத்திரையைக் கொடுக்கிறது. பழைய மின்விசிறி சுமார் 75 வாட் தின்னும். புதிய ரகம் சுமார் 30 வாட். குற்றாலத்து விடுதிகளில் நூறு விசிறிகளை மாற்றி, நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் தினம் 45 யூனிட் மிச்சம்.

பெரிய மிச்சம் வயலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுகள் இருபது லட்சத்துக்கு மேல். 1990 முதல் விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் இலவசம். அந்தச் சலுகையில் கை வைக்காமலே, பலமுறை காயில் கட்டிய பழைய மோட்டாருக்குப் பதில் நல்ல மோட்டார் கொடுக்கலாம். காற்று மிகுந்த மணிகளில் பம்பு ஓட ஏற்பாடு செய்யலாம். கார் நெல்லுக்குத் தண்ணீர் வேண்டிய காலமும் காற்று மிகுந்த காலமும் ஒன்றாக இருப்பது நம் பாக்கியம் அல்லவா?

புரட்டாசி முடிந்தால் அருவி இளைக்கும், காற்றாடியும் சோம்பும். அடுத்த ஆனியில் இரண்டும் மறுபடி வரும். களத்தில் நெல் தூற்றுகிற விவசாயி காற்று வந்த பிறகு முறத்தைத் தேடிக்கொண்டிருப்பதில்லை. அளக்கிற வேலையை நம் விஞ்ஞானிகள் நன்றாகவே செய்து கொடுத்திருக்கிறார்கள். முறத்தை எடுத்துவைக்க வேண்டியது ஆட்சியில் இருப்பவர்களின் பொறுப்பு. எடுத்துவைத்தார்களா என்று கேட்பது நம் பொறுப்பு.