படகை எண்ணுகிறவர்கள் கையை எண்ணுவார்களா?

பண்பொழிக்காரனுக்குக் காற்றைப் பற்றி எவனும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் பாய்கிற காத்து ஓட்டைப் பிரிச்சுப் போட்டுடும். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவனுக்கு அது சாரல். சேரியில் ஒழுகுற கூரைக்குக் கீழே கிடக்கிறவனுக்கு அது ராத்தூக்கம் போகிற சமாச்சாரம்.

இந்தக் காத்து காசாகும் என்று கண்டுபிடித்தார்கள். 1986இல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் ஆரம்பித்த காற்றாலை, முப்பந்தல், கயத்தாறு, சுரண்டை என்று பரவி, இன்றைக்குத் தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. நல்லது. ஆனால் கணக்கைக் கேட்போம். நிலம் வைத்திருந்தவனுக்கு விலை கிடைத்தது. தரகனுக்குக் கமிஷன் கிடைத்தது. அந்த மானாவாரிக் காட்டில் களையெடுத்தவளுக்கும் ஆடு மேய்த்தவனுக்கும் என்ன கிடைத்தது? ரொம்பப் போனால் வாட்ச்மேன் வேலை. பட்டாவில் பேர் இல்லாதவனுக்கு நஷ்டமும் இல்லை என்பதுதான் சர்க்காரின் தர்க்கம். 2006ஆம் வருட சுற்றுச்சூழல் அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலையே கிடையாது. அனுமதி வாங்க வேண்டாம், பொது விசாரணை வேண்டாம், நம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் வேண்டாம்.

இப்போது அதே ஆட்கள் கடலுக்குள் இறங்குகிறார்கள். 2015இல் கடல் காற்றாலைக் கொள்கை. 2023இல் கடல் படுகையைக் குத்தகைக்கு விடுகிற விதிகள். தமிழ்நாட்டுக் கடலில் 8 மண்டலம், குஜராத்தில் 8 மண்டலம் என்று கோடு போட்டாயிற்று. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியது. இரண்டு மாநிலத்துக்கும் ஆளுக்கு 500 மெகாவாட். துறைமுகங்களைச் சீராக்க அதில் 600 கோடி. தமிழ்நாட்டுக் கடலில் 4,000 மெகாவாட்டுக்கு விட்ட டெண்டர் 2025இல் ரத்தானது. ஏலம் நின்றிருக்கிற இந்த நேரத்தில்தான் நாம் வாய் திறக்க வேண்டும். குத்தகை கைமாறின பிறகு பேசினால் 'வளர்ச்சிக்கு எதிரி' என்பான்.

கடலைப் பங்கு பிரிப்பதற்கு 'கடல்வெளித் திட்டமிடல்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நார்வேயோடு சேர்ந்து புதுச்சேரியிலும் லட்சத்தீவிலும் முன்னோட்டம் பார்க்கிறார்கள். கப்பலுக்கு ஒரு தடம், மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுக்கு ஒரு வட்டம், காற்றாலைக்கு ஒரு கட்டம், மீன்பிடிப்புக்கு மிச்சம். 1982 ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 60ஆம் பிரிவு, கடலில் நட்ட ஒவ்வொரு அமைப்பையும் சுற்றி 500 மீட்டர் வரை யாரும் நுழையாத வளையம் போட இடம் கொடுக்கிறது. வலை போடுகிறவன் அந்த வளையத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதுதான், டீசல் காசு அவனுடையது.

யாரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள்? 'கடலைப் பயன்படுத்துவோரை' என்கிறார்கள். பயன்படுத்துவோர் என்றால் யார்? பதிவு பெற்ற படகுக்காரர், சங்கம் வைத்திருப்பவர். படகு இல்லாமல் விசைப்படகில் பங்குக்குப் போகிறவன்? கரைவலை இழுக்கிற கூலி? தலைச்சுமையாய் மீன் விற்கிறவள்? மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கிற பெண்? தூத்துக்குடி உப்பளத்தில் காலெல்லாம் வெடிச்சுக் கிடக்கிற நம் சனம்? கடலுக்குள் எடுக்கிற கரண்டு கேபிள் வழியாகக் கரைக்குத்தானே வர வேண்டும்! துணைமின் நிலையத்துக்கு நிலம் எங்கே தேடுவான்? கேட்க நாதியில்லாத இடத்தில்தான்.

இது வெறும் சந்தேகம் இல்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினத்தில் என்ன நடந்தது? நிவாரணப் பட்டியல் படகையும் வலையையும் எண்ணியது. வயலில் கூலி, கழியில் கையால் நண்டும் இறாலும் பிடித்தல் என்று பிழைத்த தலித்துகளின் நிலம் உப்பாகிப் போனது, பிழைப்பும் போனது. பட்டியலில் 'பாதிக்கப்படாதவர்' ஆனார்கள். முகாமுக்குள் சேர்க்க மறுத்தார்கள், தண்ணீர்த் தொட்டியைத் தொடவிடவில்லை. மனித உரிமை அமைப்புகள் எழுதி வைத்திருக்கின்றன. மீனவ மக்கள் நமக்குப் பகையாளி இல்லை. அலை அவர்களைத்தான் அதிகம் கொன்றது. ஆனால் பட்டியல் போடுகிற அதிகாரம் ஊர்ப் பஞ்சாயத்தின் கையில் இருந்தால் சேரி அதில் வராது. இதைச் சொல்லாமல் 'மீனவர் ஒற்றுமை' என்று கோஷம் போடுவதில் நமக்கு உடன்பாடில்லை.

“காத்துக்கும் கடலுக்கும் ஏதய்யா சாதி?” என்று முற்போக்கு நண்பர் கேட்பார். காத்துக்கு இல்லை, வாஸ்தவம். பட்டியலுக்கு இருக்கிறது.

காற்றாலையே கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை. அனல் மின் நிலையச் சாம்பலை மூச்சில் இழுப்பதும் நம் தெருதான். வைஸ்ராய் கவுன்சிலில் 1942 முதல் 1946 வரை அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் துறையில்தான் இருந்தது. அடிப்படைத் தொழில்கள் அரசுக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்று 1947இல் எழுதிக் கொடுத்தவர் அவர். இன்றைக்கோ மக்கள் பணத்தில் 7,453 கோடியை மானியமாகக் கொடுத்து, லாபத்தைக் கம்பெனிக்கு எழுதி வைக்கிறார்கள். டென்மார்க்கில், கோபன்ஹேகன் கரைக்கு எதிரே 2000இல் நட்ட 20 காற்றாலையில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண சனங்களின் கூட்டுறவுக்குச் சொந்தம். வெள்ளைக்காரனுக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியாது? உப்பளத் தொழிலாளியும் மீன்காரியும் பங்குக்காரர்களாக வரட்டும், வாட்ச்மேனாக இல்லை.

அதற்கு முதலில் கணக்கெடுப்பு. படகை அல்ல, கையை எண்ணு. பொது விசாரணையைக் கலெக்டர் ஆபீஸ் ஏ.சி. அறையில் வைக்காதே, உப்பளத்து ஓரத்தில், வேலை முடிந்த பிறகு, தமிழில் வை. பண்பொழியிலிருந்து நாங்களும் பஸ் ஏறி வருகிறோம். காற்றாலை வந்த ஊரில் கூலிக்காரனுக்கு என்ன கிடைத்தது என்று சாட்சி சொல்ல ஆள் வேண்டுமில்லையா?